சிவகாசியில் அச்சான டெக்சாஸ், எழுமலையில் படித்த டெக்ஸ்

இன்னைக்குப் பேசப் போறது கௌபாய் கதைகளைப் பத்தி. துப்பாக்கி, குதிரை, சட்டம் எட்டிப் பார்க்காத ஊர், ஷெரிஃப், பாங்க் கொள்ளை. "இதுல என்னப்பா வரலாறு இருக்கு?"ன்னு கேக்காதீங்க. நிறைய இருக்கு. அதுல ஒரு பகுதி நம்ம மதுரைப் பக்கத்துலயே இருக்கு.

தமிழ்ல காமிக்ஸ் படிக்கிறவங்ககிட்ட உங்களுக்குப் பிடிச்ச ஹீரோ யாருன்னு கேட்டுப் பாருங்க. ஸ்பைடர்மேன், பேட்மேன்னு சொல்றவங்க குறைச்சல். "டெக்ஸ்"னு சொல்வாங்க. "கேப்டன் டைகர்"னு சொல்வாங்க. டெக்ஸ் வில்லர் இத்தாலியில பொறந்தவர், டைகர் பிரான்ஸ்ல. ரெண்டு பேரும் சுத்துற இடம் அமெரிக்காவோட தென்மேற்குப் பாலைவனம். ரெண்டு பேரும் தமிழ் பேசினது சிவகாசியில. நான் அவங்களைப் படிச்சது எழுமலையில.

எழுமலை தெரியாதவங்களுக்கு: மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டிக்குத் தெற்கே இருக்கிற ஒரு பேரூராட்சி. மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணுக்குத் தெரியும், ஆனா மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்னுடும். மானாவாரி பூமி. ஆடு மாடுதான் கையிருப்பு. சந்தை நாள்ல புழுதி பறக்கும். வெளியூர்க்காரங்க "வெஸ்டர்ன் படத்துல வர்ற ஊர் மாதிரி இருக்கே"ன்னு சொல்லிக் கேட்டிருக்கேன். வறண்ட நிலம், அதனால வறண்ட நிலத்துக் கதை பிடிச்சிருக்கும்னு ஒரு சுலபமான விளக்கம் உண்டு. எனக்கு அது போதலை. தஞ்சாவூர்க் காவிரிக் கரையிலயும் டெக்ஸுக்கு ரசிகர்கள் இருக்காங்க. நிலத்தோட நிறத்தை விட்டுட்டு, அந்தக் கதைகள் யாரைக் குற்றவாளிங்குது, யாரை வீரன்ங்குதுன்னு பார்க்கலாம்.

முதல்ல சிவகாசி. 1972-ல முத்து காமிக்ஸ் தொடங்குது. நடத்தினவர் சௌந்திரபாண்டியன், முதல் ஆசிரியர் முல்லை தங்கராசன். முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. பிரிட்டன்ல ஃப்ளீட்வே கம்பெனி போட்ட கதை அது. 1984-ல சௌந்திரபாண்டியனோட மகன் எஸ்.விஜயன், ரொம்பச் சின்ன வயசுல, லயன் காமிக்ஸை ஆரம்பிக்கிறார். அதே வருஷம் தினத்தந்தி குழுமத்துல இருந்து ராணி காமிக்ஸ் வருது. அந்த நேரத்துப் பெட்டிக்கடைகளை நினைச்சுப் பாருங்க. முன்னாடி கயித்துல தொங்குற புத்தகங்கள்ல பாதி அட்டையில துப்பாக்கி இருக்கும்.

லயன்ல டெக்ஸ் வில்லர் முதல்ல வந்தது 1980-களோட நடுவுல, "தலைவாங்கிக் குரங்கு"ங்கிற கதையில. அதுக்கப்புறம் அவர் போகவே இல்லை. அவரோட நண்பர் கிட் கார்சன் "வெள்ளிமுடியார்" ஆனார். நவஹோ மக்கள் டெக்ஸுக்கு வச்ச பேர் "இரவுக் கழுகு"ன்னு தமிழாச்சு, வாசகர்கள் மரியாதையா அதை "இரவுக் கழுகார்" ஆக்கிட்டாங்க. இந்த 'ஆர்' விகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். துப்பாக்கி தூக்கின ஒரு வெள்ளைக்காரரை ஊர்ப் பெரிய மனுஷர் மாதிரி மரியாதையோட கூப்பிடுறோம். இந்தத் தமிழை ஒருத்தர் உக்காந்து யோசிச்சு உருவாக்கியிருக்கார். மொழிபெயர்ப்பு பத்திப் பேசுற கருத்தரங்கு எதுலயும் இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை.

சரி, இந்தக் கதைகள் எங்க ஆரம்பிச்சது? அமெரிக்காவுலதான், ஆனா ரொம்ப மலிவான காகிதத்துல. 1860-ல பீடில் கம்பெனி பத்து சென்ட்டுக்கு ஒரு நாவல் போட்டுச்சு. பத்து சென்ட் நாணயத்துக்கு அங்க 'டைம்'னு பேர், அதனால 'டைம் நாவல்'. நம்ம ஊர்ப் பாக்கெட் நாவலுக்குத் தாத்தான்னு வச்சுக்கோங்க. கொஞ்ச நாள்லயே உள்நாட்டுப் போர் வந்துச்சு. முகாம்ல பொழுது போகாம கிடந்த சிப்பாய்ங்க இதை வாங்கி வாங்கிப் படிச்சாங்க. 1877-ல 'டெட்வுட் டிக்'னு ஒரு ஹீரோ வந்தான். முகமூடி போட்ட வழிப்பறிக்காரன். கவனிங்க, ஹீரோவே திருடன். ஜெஸ்ஸி ஜேம்ஸ் நிஜமாவே ரயிலையும் பாங்கையும் கொள்ளையடிச்ச ஆள். அவன் உயிரோட இருக்கும்போதே அவனைப் பத்தி நாவல் வந்துக்கிட்டு இருந்துச்சு. 1882 ஏப்ரல் 3-ம் தேதி அவன் கூட்டாளியே அவனைச் சுட்டுக் கொன்னான். இந்தத் தேதியை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்பி வருவோம். பில்லி த கிட்டை 1881-ல சுட்டுக் கொன்ன ஷெரிஃப் பாட் காரெட், அடுத்த வருஷமே அவனோட வாழ்க்கை வரலாறுன்னு ஒரு புத்தகம் போட்டார். சுட்டவரே கதையும் எழுதி வித்தார்!

அப்ப நிஜத்துல அந்த ஊர்கள் எப்படி இருந்துச்சு? ராபர்ட் டிக்ஸ்ட்ரான்னு ஒரு வரலாற்றாசிரியர். கன்சாஸ்ல மாட்டு மந்தைகள் வந்து ரயில் ஏறுற ஐந்து ஊர்களை எடுத்துக்கிட்டார். அபிலீன், எல்ஸ்வொர்த், விச்சிடா, டாட்ஜ் சிட்டி, கால்ட்வெல். 1870-ல இருந்து 1885 வரைக்கும் இந்த ஐந்து ஊர்லயும் சேர்த்து நடந்த கொலைகளை எண்ணினார். மொத்தம் 45. ஒரே ஒரு சினிமாவுல இடைவேளைக்கு முன்னாடி இதைவிட அதிகம் பேர் செத்துருவாங்க. டாட்ஜ் சிட்டியில ஊருக்குள்ள துப்பாக்கி கொண்டு வரக்கூடாதுன்னு பலகை வச்சிருந்தாங்க. உலகம் முழுக்கத் தெரிஞ்ச ஓ.கே. கொரால் சண்டை 1881 அக்டோபர் 26-ல டூம்ஸ்டோன்ல நடந்துச்சு. அதுக்குப் பின்னாடி இருந்ததும் ஊருக்குள்ள ஆயுதம் கூடாதுங்கிற நகராட்சி உத்தரவுதான். அரை நிமிஷத்துல முடிஞ்ச சண்டை, மூணு பேர் செத்தாங்க. அந்த அரை நிமிஷத்தை வச்சு எத்தனை படம் எடுத்துட்டாங்கன்னு எண்ணி முடியாது.

அந்த ஊர்களுக்கு வியாபாரம் முக்கியம். மாட்டு வியாபாரி பயந்து ஓடிட்டா ஊர் அவ்வளவுதான். அதனால கட்டுப்பாடு இருந்துச்சு. மொத்தத்துல பெரிய மாட்டு ஓட்டங்கள் நடந்ததே இருபது வருஷத்துக்குள்ளதான். 1874-ல முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினாங்க, ரயில் பாதை தெற்கே இறங்குச்சு, கதை முடிஞ்சது. 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இனி எல்லைக்கோடுன்னு ஒண்ணு கிடையாதுன்னு எழுதிட்டுப் போயிடுச்சு. அந்த கௌபாய்கள்ல நாலுல ஒருத்தர் கறுப்பினத்தவர்னு கணக்கு சொல்றாங்க, மெக்சிகோக்காரங்க அது போக. நாம பார்த்த அட்டைப்படங்கள்ல அவங்களைத் தேடணும்.

பெரிய வன்முறை நடந்தது மதுக்கடை வாசல்ல இல்லை, மண்ணோட சொந்தக்காரங்களைத் துரத்தின இடத்துல. 1864-ல நவஹோ மக்களை வீட்டையும் சோளக் கொல்லையையும் எரிச்சு, நூத்துக்கணக்கான மைல் நடக்க வச்சு, போஸ்க் ரெடோண்டோங்கிற இடத்துல கொண்டுபோய் அடைச்சாங்க. நாலு வருஷம் கழிச்சு 1868-ல ஒப்பந்தம் போட்டுத் திரும்பி வந்தாங்க. வந்து சேராதவங்க ஏராளம். 1890 டிசம்பர் 29-ம் தேதி வூண்டட் நீ-ங்கிற இடத்துல லகோட்டா மக்களோட ஆயுதத்தைப் பிடுங்குறேன்னு வந்த ராணுவம், குறைஞ்சது நூத்தம்பது பேரைச் சுட்டுக் கொன்னுச்சு. பெண்கள், குழந்தைகள் உட்பட. இதுக்கு அப்ப யாரும் பத்து சென்ட் நாவல் எழுதி, செத்தவங்களை ஹீரோ ஆக்கலை.

அமெரிக்கா தன் கதையைத் தானே வித்துக்கிட்டு இருந்தப்ப, ஐரோப்பாவும் வாங்கிக்கிச்சு. ஜெர்மனியில கார்ல் மே-ன்னு ஒரு எழுத்தாளர். வின்னெட்டூன்னு ஒரு அபாச்சி வீரனை உருவாக்கி, தானே அங்க போய்ச் சண்டை போட்ட மாதிரி எழுதினார். அவர் அமெரிக்காவுக்கு முதல் தடவையா போனது 1908-ல. அப்பவும் மேற்குப் பக்கம் எட்டிப் பார்க்கலை. பஃபல்லோ பில் தன்னோட குதிரை சர்க்கஸைத் தூக்கிக்கிட்டு 1890-ல ரோம் வரைக்கும் போனார். இத்தாலியில அந்த விதை இருந்துச்சு. 1948 செப்டம்பர் கடைசியில, போர்ல நொறுங்கிக் கிடந்த நாட்டுல, ஜான் லூயிஜி பொனெல்லி எழுத, ஆரேலியோ கல்லெப்பினி வரைய, டெக்ஸ் வில்லர் பொறந்தார். நீளவாக்குல ஒரு குட்டிப் புத்தகம், சட்டைப் பையில வைக்கிற அளவு. காகிதம் கிடைக்காத காலம் அது.

பிரான்ஸ்ல 1963-ல ஷார்லியே எழுத, ழான் ஜிரோ வரைஞ்சு 'புளூபெரி' வந்துச்சு. அதுதான் நம்ம கேப்டன் டைகர். ஜிரோ சின்ன வயசுல மெக்சிகோவுல அம்மாவோட பல மாசம் தங்கியிருந்தவர். அந்த வானத்தையும் வெட்டவெளியையும் கண்ணால பார்த்து வரைஞ்சார், படத்தைப் பார்த்தாலே தெரியும். பெல்ஜியத்துல மோரிஸ் 1946-லயே லக்கி லூக்கை வரைய ஆரம்பிச்சிட்டார். செர்ஜியோ லியோனே 1964-ல ஸ்பெயின்ல அல்மேரியாவுல கேமராவை வச்சுக்கிட்டு அதுதான் மெக்சிகோ எல்லைன்னு சொன்னார். உலகமும் நம்புச்சு. ஆக, தமிழ்ப் பையன் கைக்கு வந்த 'அமெரிக்கா' மிலானோ, பாரிஸ், பிரசல்ஸ் வழியா சிவகாசிக்கு வந்த சரக்கு.

இதுல ஒரு விஷயம் எனக்கு எப்பவும் சுவாரசியம். சிஸ்கோ கிட்-ன்னு ஒரு பேர் நம்ம பழைய காமிக்ஸ் வாசகர்களுக்குத் தெரியும். நல்லவன், சிரிப்பான், ஏழைக்கு உதவுவான். அந்தப் பேரை உருவாக்கினவர் ஓ ஹென்றி, 1907-ல ஒரு சிறுகதையில. அந்தக் கதையில சிஸ்கோ கிட் ஒரு கொலைகாரன், சும்மா பொழுதுபோக்குக்குச் சுடுறவன், காதலியையே தந்திரமா சாக விடுறவன். சினிமாக்காரங்க கையில போனதும் புண்ணியவான் ஆயிட்டான். ஒரே பேர்தான். பேனா பிடிச்ச கை மாறினதும் ஆளே மாறிட்டான்.

இப்ப நம்ம பூமிக்கு வருவோம். 1906-ல டபிள்யூ. ஃபிரான்சிஸ்னு ஒரு அதிகாரி மதுரை மாவட்ட கெஜட்டியர் எழுதினார். அதுல கள்ளர் நாட்டைப் பத்திய பக்கங்களைப் படிச்சா, வெஸ்டர்ன் கதைக்கு வேணும்கிற சாமான் எல்லாம் இருக்கு. மாட்டுக் களவு. காவல்காரங்க. கப்பம். பழி. குறிப்பா 'துப்புக்கூலி'. உங்க மாடு ராத்திரி தொழுவுல இருந்து காணாமப் போச்சுன்னு வைங்க. நீங்க ஸ்டேஷனுக்குப் போக மாட்டீங்க. விவரம் தெரிஞ்ச ஒரு ஆளைப் பார்ப்பீங்க. மாட்டு விலையில ஒரு பங்கு கொடுக்கணும்னு பேசி முடிப்பீங்க. காசு கை மாறினதும், இன்ன இடத்துல மாடு கட்டிக் கிடக்குன்னு தகவல் வரும். போய் ஓட்டிக்கிட்டு வரலாம். துப்பு கொடுத்ததுக்குக் கூலி.

இதுக்கு இன்னொரு பக்கம் காவல். ஊர்க் காவல், வழிக் காவல், வயக்காட்டுக் காவல் எல்லாத்தையும் கள்ளர்களே பார்த்தாங்க. அறுவடையில பங்கு வாங்கிக்கிட்டாங்க. காவல் இருக்கிற ஊர்ல களவு போனா காவல்காரர்தான் ஈடு கட்டணும். இது கொள்ளைக்கு மறைமுக வரின்னு வெள்ளைக்காரன் எழுதினான். இது ஒரு பழைய போலீஸ் முறை, அரண்மனை காலத்துல இருந்து வந்த உரிமைன்னு காவல்காரங்க சொன்னாங்க. ரெண்டுலயும் உண்மை இருக்கு. துப்புக்கூலி கொடுத்து மாட்டை மீட்ட சம்சாரிக்கு இது ஹீரோ கதையா இருந்திருக்காதுங்கிறதையும் சொல்லிடணும். 1896-ல திண்டுக்கல் பக்கத்து ஊர்க்காரங்க ஒண்ணு சேர்ந்து, பணம் திரட்டி, தாங்களே காவல் போட்டுக்கிட்டு, கள்ளர் காவல்காரங்களை ஊரை விட்டே துரத்தினாங்க. பணம் திரட்டினதுக்கு 'ஃபண்டு'ன்னு சொன்னது மக்கள் வாயில 'பண்டு' ஆச்சு. வீடுகள் எரிஞ்சது. அமெரிக்கக் கதைகள்ல வர்ற விஜிலாண்டி கூட்டத்தை நீங்க நினைச்சீங்கன்னா தப்பில்லை.

ஆனா அடுத்து நடந்ததுதான் வித்தியாசம். அமெரிக்காவுல தனி ஆளைத் தேடினாங்க. ஜெஸ்ஸி ஜேம்ஸ், பில்லி த கிட்னு பேர் போட்டு, தலைக்கு விலை வச்சு நோட்டீஸ் போட்டாங்க. அந்த நோட்டீஸே விளம்பரம் ஆச்சு, நாவல் ஆச்சு, ஹீரோ ஆனான். இங்க வெள்ளைக்கார அரசாங்கம் தனி ஆளைத் தேடலை. 1871-ல வட இந்தியாவுக்குன்னு போட்ட குற்றப் பழங்குடிச் சட்டத்தை 1911-ல சென்னை மாகாணத்துக்கும் கொண்டு வந்துச்சு. 1914-ல கீழக்குயில்குடியில ஆரம்பிச்சு, 1918 வாக்குல மதுரை மாவட்டத்துக் கள்ளர் எல்லாரையும் பட்டியல்ல சேர்த்துச்சு. குற்றம் செஞ்சவன், செய்யாதவன் எல்லாம் ஒண்ணு. பொறப்பாலயே குற்றவாளி. எங்க பக்கத்துல இதுக்கு 'ரேகைச் சட்டம்'னு பேர். வயசுக்கு வந்த ஆம்பளை கைரேகை வைக்கணும். ராத்திரி ஆனா சொன்ன இடத்துல வந்து படுக்கணும். வெளியூர் போகணும்னா 'ராதாரிச் சீட்டு' வாங்கணும். ராத்திரி கட்டிலுக்கு ஆள் வரலைன்னா அதுவே குற்றம். சம்பந்தம் இல்லாத மாதிரி இருக்கும், கனடாவுல 1885-க்கு அப்புறம் பழங்குடி மக்கள் ஒதுக்கிடத்தை விட்டு வெளிய போறதுக்கும் இதே மாதிரி சீட்டு வாங்கணும்.

1920 ஏப்ரல் 3. முன்னாடி ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, ஜெஸ்ஸி ஜேம்ஸ் செத்த அதே ஏப்ரல் 3, முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு. சேடப்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர். எழுமலையில இருந்து ரொம்ப தூரம் இல்லை. ரேகை எடுக்க ஆயுதப் போலீஸ் வருது. ஜனங்க வைக்க மாட்டோம்ங்கிறாங்க. துப்பாக்கிச் சூடு. மாயக்காள்ங்கிற பெண் உட்பட 16 பேர் செத்தாங்க. இன்னைக்கு அங்க நினைவுத்தூண் இருக்கு, வருஷா வருஷம் ஏப்ரல் 3-ல கூட்டம் சேரும்.

அதுக்கப்புறம் அந்த மக்களுக்காக கோர்ட்டுல நின்னவர் ஜார்ஜ் ஜோசப். கேரளத்துச் செங்கன்னூர்க்காரர், மதுரையில பாரிஸ்டர், காந்தியோட 'யங் இந்தியா'வுக்கு ஆசிரியரா இருந்தவர். சட்டைக்கு மேல எப்பவும் ரோஜாப்பூ குத்தியிருப்பாராம். அதனால ஜனங்க அவருக்கு 'ரோசாப்பூ துரை'ன்னு பேர் வச்சாங்க. அந்தப் பேரைப் பிள்ளைங்களுக்கு வச்ச குடும்பங்கள் இந்தப் பக்கத்துல உண்டு. எனக்குத் தெரிஞ்சு ஒரு வக்கீல் பேரை ஜனங்க குழந்தைக்கு வைக்கிற அளவுக்குப் போனது ரொம்ப அபூர்வம். முத்துராமலிங்கத் தேவர், ஜீவா போன்றவங்க தொடர்ந்து எதிர்த்தாங்க. 1947-ல சென்னை மாகாணத்துல அந்தச் சட்டம் நீங்குச்சு. நாடு முழுக்க நீங்க 1952 ஆச்சு.

என் தாத்தாவுக்கு ரேகை எடுத்திருக்காங்க. அவர் அதைப் பத்தி அதிகம் பேச மாட்டார். நான் டெக்ஸ் புத்தகத்தை வச்சுக்கிட்டுத் திண்ணையில கிடக்கும்போது ஒரு தடவை எட்டிப் பார்த்தார். ஒரு கட்டத்துல மரத்துல ஒட்டின நோட்டீஸ். மீசைக்காரன் படம், கீழ டாலர் கணக்கு.

"இது என்னடா?"

"இவனைப் பிடிச்சுக் கொடுத்தா ஐந்நூறு டாலர் தாத்தா. திருடன்."

"என்ன செஞ்சான்?"

"பாங்க்கைக் கொள்ளையடிச்சான்."

"ம்... செஞ்சதுக்கு அப்புறம்தானே ஒட்டினாங்க?"ன்னு கேட்டுட்டு வெத்தலைப் பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். அப்ப எனக்கு அது புரியலை. வரலாறு படிக்க ஆரம்பிச்சப்பதான் அந்தக் கேள்வி நடுவுல வந்து நின்னுச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். நான் எழுத்துக் கூட்டிப் படிச்சது ஒரு கள்ளர் பள்ளியில. இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். சட்டத்தோட கூடவே 'சீரமைப்பு'ன்னு ஒரு திட்டம் வந்துச்சு, அதுல பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம் எல்லாம் கட்டினாங்க. அந்தப் பள்ளிகள் அரசுப் பள்ளிகளா இன்னமும் நடக்குது. ரேகையைப் பதிஞ்ச கைக்கு அடுத்த தலைமுறையில எழுத்து கிடைச்சது இப்படி. நல்ல வாத்தியார்கள் இருந்தாங்க. ஆனா பேர் பலகையை நிமிர்ந்து பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அந்தச் 'சீரமைப்பு'ங்கிற சொல் உள்ள எங்கயோ குத்தும். எதைச் சீரமைச்சாங்க?

அதனாலதான் டெக்ஸ் கதை எங்களுக்கு வேற மாதிரி இருந்துச்சுன்னு நினைக்கிறேன். 1948-ல வந்த முதல் கதையில டெக்ஸ் ரேஞ்சர் கிடையாது. சட்டம் தேடுற ஆள். தப்பி ஓடிக்கிட்டு இருப்பார். அப்புறம்தான் ரேஞ்சர் ஆகிறார். நவஹோ பெண் லிலித்தைக் கல்யாணம் பண்ணிக்கிறார். அவங்க சாகுறது, கிருமி தடவின கம்பளிகள் வழியா பரவின அம்மை நோய்ல. யார் தடவினதுன்னு டெக்ஸ் தேடிப் போறார். ஒரு கையில அரசாங்க நட்சத்திரம், இன்னொரு கையில நவஹோ தலைவருக்கான பட்டை. நாலணா சாகசக் கதைதான். ஆனா அதுல ரெண்டு பக்கமும் நிக்கிற ஒரு ஆள் இருந்தார். ராணுவக் கர்னல் அயோக்கியனா இருப்பான், பழங்குடித் தலைவர் நியாயம் பேசுவார். கேப்டன் டைகர் இன்னும் ஒரு படி மேல. செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்துக்கிட்டுப் பல பாகங்கள் ஓடுவார். 2015-ல "மின்னும் மரணம்"னு அந்தக் கதை வரிசையை ஒரே தடிப் புத்தகமா போட்டப்ப, நாப்பது அம்பது வயசு ஆளுங்க வரிசையில நின்னு வாங்கினாங்க.

எல்லாம் அப்படி இல்லை, பொய் சொல்லக் கூடாது. அந்தக் காலத்து வெஸ்டர்ன்ல நிறைய கதைகள்ல பழங்குடி மக்கள் கூச்சல் போட்டுக்கிட்டு வந்து சுடுபட்டுச் சாகத்தான் வருவாங்க. தமிழ்ல அவங்களுக்குச் 'செவ்விந்தியர்'னு பேர். கொலம்பஸ் வழி தவறி வச்ச பேரு 'இந்தியர்'. நாம நிஜ இந்தியர்ங்கிறதால குழப்பம் வராம இருக்க முன்னாடி ஒரு நிறத்தைச் சேர்த்துக்கிட்டோம். அந்த நிறமும் அவங்க கேட்டு வாங்கினது இல்லை. வெள்ளைக்காரன் ஊருக்குப் பக்கத்துல கூடாரம் போட்டவங்க எல்லாம் ஆபத்துன்னு அந்தக் கட்டங்கள் சொல்லும். எழுமலைப் பையன் அதைப் படிச்சிட்டு, "சுடு, சுடு"ன்னு ஷெரிஃப் பக்கம் நின்னுக் கத்துவான். நானும் கத்தியிருக்கேன். கதை அப்படித்தான் ஆளை இழுக்கும்.

அப்ப நம்ம மண்ணை வச்சு ஒரு வெஸ்டர்ன் வந்திருக்கலாமே? சினிமாவுல முயற்சி நடந்துச்சு. ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்குநரா மாறி, 1970-ல "காலம் வெல்லும்", 1972-ல "கங்கா", "ஜக்கம்மா"ன்னு ஜெய்சங்கரை வச்சுக் குதிரைப் படங்களா எடுத்தார். தொப்பி, துப்பாக்கி, புழுதி எல்லாம் இருக்கும். ஊர் எதுன்னு மட்டும் தெரியாது. எங்கயோ ஒரு ஊர். ஜெய்சங்கரோட அந்தக் குதிரை மேல நமக்கு இருந்த காதல் 2010-ல சிம்புதேவன் எடுத்த "இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்" படத்துல ஜெய்சங்கர்புரம்னு ஒரு ஊராவே வந்துச்சு. சிம்புதேவன் காமிக்ஸ் படிச்சு வளர்ந்தவர், பார்த்தா தெரியும். கேலிப் படம், நல்லா சிரிச்சேன். ஆனா கெஜட்டியர்ல இருக்கிற துப்புக்கூலியும், பண்டும், ராதாரிச் சீட்டும் எந்தக் குதிரைப் படத்துலயும் வரலை.

நாவல்ல வந்துச்சு. சு.வெங்கடேசனோட "காவல் கோட்டம்" 2008-ல வெளியாச்சு, 2011-க்கான சாகித்ய அகாதமி விருது வாங்குச்சு. மதுரைக் கோட்டை, காவல், களவு, சட்டம்னு ஆயிரம் பக்கத்தை ஒட்டிப் போகும். அதை வெஸ்டர்ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, சொல்லவும் கூடாது. ஆனா ராத்திரியில கன்னம் வைக்கப் போற ஆளுங்களோட கூடவே நடந்து போற அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது, டைம் நாவல்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸுக்குக் கொடுத்த ஒண்ணை, அதாவது பேரும் முகமும் நடையும், இங்க முதல் தடவையா போலீஸ் பதிவேட்டுல இருந்து பிரிச்சு எடுத்துக் கொடுத்த மாதிரி எனக்குத் தோணுச்சு. குறைகள் உண்டு, நீளம் ஒரு குறை. ஆனா அந்தப் பதிவேட்டுக்குப் பதில் சொல்ல அவ்வளவு பக்கம் தேவைப்பட்டிருக்கலாம்.

லயன்-முத்து இன்னைக்கும் வருது, டெக்ஸ் இன்னைக்கும் அதுல வர்றார். விலை முன்னாடி மாதிரி இல்லை, தாளும் முன்னாடி மாதிரி இல்லை, வண்ணத்துல வழவழன்னு இருக்கு. எழுமலைப் பெட்டிக்கடையில தொங்காது, தபால்ல வரவழைக்கணும். போன மாசம் வந்த பார்சலைப் பிரிச்சு என் பொண்ணுகிட்ட கொடுத்தேன். ஏழாவது படிக்கிறா. நாலு பக்கம் புரட்டிட்டு, "அப்பா, இதுல நவஹோ யாராவது கதை சொல்றாங்களா, இல்லை எல்லாத்தையும் டெக்ஸே சொல்றாரா?"ன்னு கேட்டா. டெக்ஸ்தான் சொல்றார்னு சொன்னேன். சரின்னு வாங்கிக்கிட்டுப் போயிட்டா, இப்ப மூணாவது தடவையா படிச்சுக்கிட்டு இருக்கா.

அடுத்த எபிசோடுல ஜார்ஜ் ஜோசப் பத்தித் தனியா பேசலாம்னு இருக்கேன். பெருங்காமநல்லூர்ப் பக்கத்துல இருந்து கேக்கிறவங்க வீட்டுப் பெரியவங்க சொன்ன சேதி ஏதாவது இருந்தா அனுப்புங்க.